எடுத்து வச்சேன்

சண்முகவடிவுக்கு எதையும் சுருக்கிச் சொல்ல வராது. கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்த கதையைக் கேட்டால்கூட, வழியில் எந்த நாய் குறுக்கே வந்தது, அந்த நாய் முதலில் யார் வீட்டில் வளர்ந்தது என்பதிலிருந்துதான் தொடங்குவாள். நீலப்பாறைத் தோட்டத்தில் தொழிலாளர் வீட்டு வரிசையான மேட்டு லயத்தில் எல்லாருக்கும் இது பழக்கம். அவள் புருஷன் செல்லசாமி தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். கத்தியைத் தீட்டிக்கொண்டே இருபத்தாறு வருஷமாக அவள் பேச்சைக் கேட்டு வருகிறார்.

அந்தத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவை ஒரு கம்பெனி வாங்கி, சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதியாக மாற்றியிருந்தது. வடிவு அங்கே பன்னிரண்டு வருஷமாகச் சமையல் பார்த்தாள். ஏப்ரல் சீசன் வந்தால் நுவரெலியாப் பக்கம் முழுக்க ஆட்கள் நிரம்பி வழிவார்கள். விடுதியிலும் ஆள் பற்றாது. அப்போது மட்டும் சமையலை முடித்துவிட்டு அறை சுத்தம் செய்யும் பிரியந்திக்கு ஒரு கை கொடுப்பாள். பிரியந்தி பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெண். வடிவோடு இருந்தே தமிழ் பழகியவள்.

அப்படி ஒரு ஏப்ரலில், கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம் விடியற்காலையிலேயே பட்டிப்பொல வழியாக ஹோட்டன் சமவெளி பார்க்கப் போய்விட்டது. அவர்கள் அறையைக் கூட்டக் கட்டிலை இழுத்தபோது, சுவரோரம் ஒரு தங்கக் காப்பு கிடந்தது. கொக்கி தேய்ந்து போன காப்பு. வடிவு அதை எடுத்து, முந்தானையில் துடைத்து, கண்ணாடி மேசை மேல் இருந்த சின்னப் பீங்கான் தட்டில் வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்று இரவுக்கு அம்புல் தியல் என்கிற சிங்களத்துப் புளி மீன்கறி செய்ய வேண்டியிருந்தது. அது நன்றாக வருமா என்பதுதான் அவள் கவலை.

அந்தக் குடும்பம் மறுநாள் கிளம்பியது. இரண்டு நாள் கழித்துக் கொழும்பிலிருந்து டெலிபோன் வந்தது. காப்பைக் காணவில்லையாம். மனேஜர் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தார். யாரும் கூப்பிடும் முன்பே வடிவு சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

"நான்தான் அத கையில தொட்டவ. நான் போய் சொல்லாட்டி வேற யாரு சொல்றது?" என்றாள் செல்லசாமியிடம்.

பொலிஸ் நிலையத்தில் ஒரு சார்ஜன்ட் அவளை உட்காரவைத்தார். நல்ல மனுஷர்தான், தேத்தண்ணிகூட வாங்கிக் கொடுத்தார். ஆனால் அவருக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம். வடிவுக்குச் சிங்களம் அரைகுறையாகப் பேச வரும், எழுத்து வராது. ஒரு மணி நேரம் அவள் தமிழும் சிங்களமும் கலந்து சொன்னாள். கட்டில் இழுத்தது, கொக்கி தேய்ந்திருந்தது, பீங்கான் தட்டில் நீலப் பூ போட்டிருந்தது, மீன் வாங்கிய கடையில் நல்ல மீன் இல்லாதது, எல்லாம். "காப்ப பாத்தேன், எடுத்து வச்சேன்" என்று மூன்று தடவை சொன்னாள். சார்ஜன்ட் அதையெல்லாம் பதினொரு வரியில் எழுதினார். கடைசியில் காட்டிய இடத்தில் வடிவு தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மனசு லேசாகி வீடு வந்தாள்.

அடுத்த மாதம் அவள் பேரில் திருட்டு வழக்கு வந்தது.

நீதவான் முன்னால் வழக்கு ஒரு வருஷம் நடந்தது. காப்புக்காரப் பெண் சாட்சி சொன்னாள்: தொலைந்தது உண்மை, யார் எடுத்தார்கள் என்று தெரியாது. மனேஜர் சொன்னார்: அறைக்கு வடிவும் போவாள், பிரியந்தியும் போவாள், நானும் போவேன். வீட்டைத் தேடியதில் பொலிஸுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு சார்ஜன்ட் கூண்டில் ஏறி அந்தப் பதினொரு வரியை வாசித்தார். காப்பை அவளே எடுத்துக்கொண்டதாக மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னபோது வடிவு திடுக்கிட்டு எழுந்தாள். அவளுக்காக வந்திருந்த லோயருக்கு அன்று வேறு இரண்டு வழக்குகள் இருந்தன. உட்காரும்படி கையைக் காட்டினார். அந்தக் காகிதம் வழக்கோடு சேர்ந்தது. நீதவானும் அதை வைத்தே தீர்ப்புச் சொன்னார். குற்றவாளி. ஆறு மாதச் சிறை, அதுவும் ஐந்து வருஷத்துக்கு ஒத்திவைப்பு. மறுபடி தப்புச் செய்யாவிட்டால் உள்ளே போக வேண்டியதில்லை.

"உள்ள போகலைல்ல, அதுவே பெரிசு" என்றார் லோயர். லயத்திலும் அப்படித்தான் சொன்னார்கள். விடுதி வேலை போனது. போகட்டும் என்றார்கள்.

தீர்ப்பு வந்த நாலாம் நாள் அதே லயத்து மீனம்மா வீட்டில் மகளுக்குக் கல்யாணம். கல்யாணச் சமையல் என்றால் வடிவு இல்லாமல் அந்த லயத்தில் அடுப்பு எரியாது. காய் வெட்ட உள்ளே போனாள். மீனம்மா சிரித்த முகத்தோடு, "வா வடிவு, தேத்தண்ணி குடிச்சியா?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே எழுந்து போய் அலுமாரியைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகினாள். அவளுக்கே தெரியாமல் கை தானாகச் செய்த வேலை அது. வடிவு பூசணிக்காயை வெட்டி முடித்தாள். கத்தரிக்காயையும் வெட்டினாள். சாம்பாருக்குப் புளி கரைத்துவிட்டுச் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தாள்.

செல்லசாமி வாசலில் இருந்தார்.

"நான் அப்பீல் போடப் போறேன்" என்றாள்.

வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இத்தனை சுருக்கமாக அவள் பேசி அவர் கேட்டதே இல்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எப்ப போகணும்?" என்று கேட்டார்.

அப்பீலுக்குப் பதினாலு நாள்தான் தவணை. பிரியந்தியின் சொந்தக்காரர் ஒருவரின் காணி விஷயத்தைப் பார்த்த ஒரு பெண் சட்டத்தரணி நுவரெலியாவில் இருந்தார். பேர் டிலுக்ஷி. ராகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அடுத்த நாளே வடிவும் செல்லசாமியும் பிரியந்தியும் வழக்குக் கட்டின் பிரதியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

பஸ்ஸில் பிரியந்தி பிரதியைப் புரட்டினாள். சார்ஜன்ட் எழுதிய பக்கம் வந்ததும் நிறுத்தி, இரண்டு தடவை வாசித்தாள்.

"அக்கா, நீங்க அவர்கிட்ட என்னா சொன்னீங்க?"

"எடுத்து வச்சேன்னு சொன்னேன்."

"இங்க 'அரன் தியாகத்தா'ன்னு இருக்கு."

"அதுக்கும் நான் சொன்னதுக்கும் என்னா வித்தியாசம்?"

"'அரன் திப்பா'ன்னு எழுதியிருந்தா எடுத்து வச்சேன். 'தியாகத்தா'ன்னா எடுத்து வச்சுக்கிட்டேன். நானே வச்சுக்கிட்டேன், அக்கா."

வடிவு காகிதத்தை வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இம்புட்டுத்தானா?" என்றாள். செல்லசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று வடிவு எட்டிப் பார்த்தால், மனுஷன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு மணி நேரம் பேசினியே வடிவு, ஒரு வார்த்தையில கவுந்துட்டியே" என்றார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தீர்ப்பு வந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

டிலுக்ஷியின் ஒஃபிஸ் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்தது. மேசை, நாலு நாற்காலி, சுவரில் ஒரு மாதா படம். முப்பது வயது இருக்கும் அவருக்கு. வடிவு நாயிலிருந்து தொடங்காவிட்டாலும் மீன் கடையிலிருந்து தொடங்கினாள். டிலுக்ஷி குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார். பிறகு வழக்குக் கட்டை எடுத்து வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"அக்கா, இந்த வாக்குமூலத்த எடுத்துட்டா இந்தக் கேஸ்ல வேற ஒன்னும் இல்ல."

"அதான் மிஸ், அது பிழையா எழுதியிருக்கு. வச்சேன்னு சொன்னா வச்சுக்கிட்டேன்னு..."

"பிழையோ சரியோ, அதப் பாக்கவே தேவையில்ல. நான்தான் எடுத்தேன்னு ஒருத்தர் பொலிஸ்கிட்ட சொன்னதா ஒரு பேப்பர் இருந்தா, அத அவருக்கு எதிரா கோர்ட்டுல காட்டக் கூடாது. அதுதான் சட்டம். அடிச்சு வாங்கியிருக்கலாம், மிரட்டி வாங்கியிருக்கலாம், இப்படி மாத்தி எழுதியிருக்கலாம். அதனாலதான் அந்தச் சட்டமே வந்திச்சு. இத உள்ள விட்டதே தப்பு."

வடிவு யோசித்தாள். "அப்ப நான் சொன்ன உண்மைய யாரும் கேக்க மாட்டாங்களா?"

"கேக்க விடாம பண்றதுதான் அக்கா என்னோட வேல."

இது வடிவுக்குப் பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னவள் அவள். பேசாமல் இருந்து ஜெயிப்பது என்ன ஜெயிப்பு? இருபது நிமிஷம் வாதாடினாள். கடைசியில் டிலுக்ஷி இறங்கி வந்தார். மனுவில் இரண்டு காரணம் போடலாம். முதலாவது, பொலிஸிடம் சொன்னது சாட்சியமாகாது. இரண்டாவது, அப்படியே ஆனாலும் அது பிழையான மொழிபெயர்ப்பு. "ரெண்டாவதுக்கு நீங்க சொன்னது முழுசா வரும்" என்றார். வடிவு சம்மதித்தாள்.

மேல் நீதிமன்றத்தில் வழக்கு எடுக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவரை வடிவு மலையில் கொழுந்தெடுக்கப் போனாள். பன்னிரண்டு வருஷம் அடுப்படியில் நின்ற கை கொழுந்தில் ஓடவில்லை. முதல் வாரம் கூடையில் பாதிகூட நிறையவில்லை. "வடிவு, இது கறிவேப்பில இல்ல, ஒவ்வொன்னா பாத்து ஆய" என்று கங்காணி கேலி செய்தார். தேயிலை நிரை முழுக்கச் சிரிப்பு எழுந்தது. அவளும் சிரித்தாள். பிறகு பக்கத்து நிரைப் பெண்களுக்கு வாக்குமூலக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். தினம் கொஞ்சமாக, பதினைந்து நாள் போனது அந்தக் கதை. கேட்டவர்கள் அவள் கூடைக்கு ஆளுக்கொரு கைப்பிடி போட்டுவிட்டுப் போனார்கள். கதை முடியும்போது நிரையில் ஒருத்தரும் அவளைக் கள்ளியென்று நினைக்கவில்லை. அவளுக்கு அது போதவில்லை. தீர்ப்பு எழுதின இடத்தில்தான் அதை அழிக்க வேண்டும் என்றாள்.

நாலு தடவை வழக்குத் தள்ளிப்போனது. ஒவ்வொரு தடவையும் ரொட்டியும் கட்டைச் சம்பலும் கட்டிக்கொண்டு போய், டிலுக்ஷியின் மேசையில் வழக்குக் கட்டுகளை ஒதுக்கிவிட்டு நாலு பேரும் சாப்பிட்டார்கள். மூன்றாவது தவணையில் கீழே மருந்துக் கடைக்காரரும் வாசனை பிடித்து மேலே வந்தார். "கேஸ் சீக்கிரம் முடிஞ்சிடக் கூடாதுன்னு இருக்கு அக்கா" என்றார் டிலுக்ஷி, சம்பலை வழித்துக்கொண்டே.

ஐந்தாவது தவணை மாசி மாதத்தில் வந்தது. வானம் வெளுத்து வெயில் அடித்த நாள். தோட்டத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். மீனம்மாவும் வந்தாள். யாரும் கூப்பிடாமலே வந்தாள். வேனில் வடிவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வழி நெடுக அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டிலுக்ஷி கறுப்புக் கோட்டோடு எழுந்து பத்து நிமிஷம் பேசினார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அரசுத் தரப்புச் சட்டத்தரணியைப் பார்த்தார். பிரியந்தி வடிவின் காதில் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள்.

"இந்த வாக்குமூலம் எப்படி உள்ளே வந்தது?" என்று கேட்டார் நீதிபதி.

"அப்போது எதிரித் தரப்பு ஆட்சேபிக்கவில்லை, கனம் நீதிபதி அவர்களே."

"ஆட்சேபிக்காததால் சட்டம் மாறிவிடுமா?"

அரசுத் தரப்புக்காரர் இளைஞர், நேர்மையானவரும்கூட. ஒரு கணம் தன் கட்டைப் புரட்டிப் பார்த்தார். "இல்லை. அதை நம்பி இந்தத் தீர்ப்பை நான் தாங்கிப் பேச முடியாது" என்றார்.

"அது இல்லாமல் வேறு என்ன இருக்கிறது?"

"அந்த அறைக்கு இவர் போயிருக்கிறார்."

"அறைக்குப் போவது இவருடைய வேலைதானே? வேறு யார் யார் போனார்கள்?"

மனேஜரும் பிரியந்தியும் அந்தக் குடும்பத்து ஆறு பேரும் என்று அவர் சொன்னார். தன் பேரைத் தானே மொழிபெயர்க்க வேண்டி வந்த இடத்தைப் பிரியந்தி வேகமாகச் சொல்லி முடித்தாள்.

டிலுக்ஷி இரண்டாவது காரணத்துக்காக எழுந்தார். திப்பா, தியாகத்தா என்று தடித்த எழுத்தில் எழுதி, அகராதிப் பக்கங்களும் வைத்திருந்தார். வடிவு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இனிமேல்தான் அவள் கதை வரப்போகிறது.

"தேவையில்லை" என்றார் நீதிபதி. "முதலாவது போதும்."

உடனே கட்டளை பிறப்பிக்க ஆரம்பித்தார். சுருக்கெழுத்துக்காரருக்குச் சொல்லச் சொல்ல, பத்து நிமிஷத்தில் முடிந்தது. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், தலை நரைத்த மனுஷர், வடிவை எழுந்து நிற்கச் சொன்னார்.

"அம்மா, உங்க மேன்முறையீட்ட ஏத்துக்கிட்டாங்க. குற்றத் தீர்ப்பு, தண்டனை ரெண்டும் ரத்து. நீங்க விடுதலை. இனி உங்க பேர்ல ஒரு குற்றமும் இல்ல. போகலாம்."

பின்னால் வரிசை முழுக்க மூச்சு விட்ட சத்தம் கேட்டது. வடிவு மட்டும் போகாமல் நின்றாள்.

"ஐயா, நான் எடுத்து வச்சத பத்தி ஒன்னுமே கேக்கலியே?"

"அது வேணாம்மா. ஜெயிச்சிட்டீங்க."

"இல்லிங்க ஐயா, பீங்கான் தட்டு ஒன்னு இருந்திச்சு..."

நீதிபதி நிமிர்ந்து, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். டிலுக்ஷி நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். நீதிபதியின் மீசை லேசாக அசைந்தது. அவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தமிழில் தந்தார்.

"பொலிஸ்கிட்ட நீங்க சொன்னதக் கேக்க இந்தக் கோர்ட்டுக்குச் சட்டத்துல இடமில்லையாம். ஆனா இந்தக் கதவுக்கு வெளிய நீங்க யார்கிட்ட வேணும்னாலும், எவ்வளவு நேரம் வேணும்னாலும் சொல்லலாமாம். ஒருத்தரும் தடுக்க மாட்டாங்களாம்."

வடிவு கைகூப்பிக் கும்பிட்டாள். அப்போதுதான் அவளுக்குக் கண் நிறைந்தது.

வெளியே வந்ததும் மீனம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். "ஒன்னைய போய்..." என்று தொடங்கி, முடிக்க முடியவில்லை அவளால். "சரி விடு" என்றாள் வடிவு. "காப்பு அம்புடலைதான். ஆனா நான் வச்ச எடம் எனக்குத் தெரியும்." பிறகு ஆரம்பித்தாள். நீதிமன்ற வாசலில் நின்ற த்ரீவீல்காரர்களுக்குச் சொன்னாள். வேறு வழக்குக்கு வந்து மரத்தடியில் காத்திருந்த ஒரு குடும்பத்துக்குச் சொன்னாள். தேத்தண்ணிக் கடைக்காரர் பாதிக் கதையில், "அம்மா, மீன் என்னா மீனு?" என்று கேட்டார். பலயா மீனா கெலவல்லாவா என்று வடிவு ஒரு கணம் நிறுத்தி யோசித்துச் சொன்னாள்.

வேன் புறப்படும் நேரம் டிலுக்ஷி கோட்டைக் கழற்றாமலே ஓடி வந்து கதவைப் பிடித்தார். "நேரா வீட்டுக்கா போறீங்க? வாவிப் பக்கம் போவோம் வாங்க."

நாற்பத்தெட்டு வயதில் வடிவு நுவரெலியா வாவியைப் பஸ் ஜன்னலிலிருந்துதான் பார்த்திருக்கிறாள். கரையில் அன்னப் படகுகள் வரிசையாக நிற்கும். காலால் மிதித்தால் ஓடும். விடுதிக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதில் போய்விட்டு வந்து படம் காட்டுவார்கள். தண்ணியில் காலை வைக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்த செல்லசாமியை இரண்டு பெண்கள் தள்ளி ஏற்றினார்கள். முன்னால் வடிவும் செல்லசாமியும் மிதிக்க, பின்னால் டிலுக்ஷியும் பிரியந்தியும் உட்கார்ந்தார்கள். படகு முதலில் கரையைச் சுற்றிச் சுற்றி வந்தது. பக்கத்துப் படகிலிருந்து மீனம்மா கூட்டம் வழி சொல்லிக் கூச்சல் போட்டது.

"வலது பக்கம் மிதிங்க" என்றாள் வடிவு.

"மலையில கவ்வாத்து வெட்டுறவன்கிட்ட கப்பல் ஓட்டச் சொன்னா இப்படித்தான்."

நடு வாவிக்கு வந்தபோது வடிவின் போன் அடித்தது. விடுதி மனேஜர். செய்தி அவருக்கும் எட்டிவிட்டது. அவர் குரல் தணிந்திருந்தது. நடந்ததை மனசில் வைக்க வேண்டாம் என்றார். நாளைக்கே வேலைக்கு வர முடியுமா, வாரக் கடைசியில் நிறைய ஆட்கள் வருகிறார்கள் என்றார்.

"நாளைக்கு ஏலாது சேர்" என்றாள் வடிவு. "நாளைக்கு எங்க லயத்துக்கே நான்தான் சமைக்கிறேன். அப்புறம் யோசிச்சு சொல்றேன்."

போனை இடுப்பில் சொருகினாள். வெயிலில் தண்ணீர் மினுங்கியது. பின்னாலிருந்து டிலுக்ஷி குனிந்து, "நாளைக்கு என்னா அக்கா சமையல்?" என்று கேட்டார்.

"ஆட்டிறைச்சி. நீங்களும் வாங்க மிஸ்" என்றாள் வடிவு, மிதிப்பதை நிறுத்தாமல். "மொதல்ல தேங்காயப் பத்திச் சொல்றேன்."